மாற்று ஆட்டக்காரர், இறங்கவில்லை

ரெஸ்யூமே எழுதுவதில் கெட்டிக்காரன் என்று நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு காலத்தில் எனக்குப் பேர் இருந்தது. சனிக்கிழமை காலையானால் எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் யாராவது ஒரு புது கன்சல்டன்ட் கையில் பிளாப்பியோடு நிற்பார். இரண்டு வருஷ அனுபவத்தை ஐந்து வருஷமாக்கித் தருவேன். ஊரில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு எழுதிய வட்டிக் கணக்கு புரோகிராமை மூன்று வரி ஆங்கிலத்தில் மலையாக்கிக் காட்டுவேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைப்பாள். வந்தவர் தன் வாழ்க்கையைத் தானே படித்துவிட்டு, "சார், இது நானா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு குளிர்ச்சி.

என்னை இந்தத் தொழிலுக்குப் பழக்கியவர் என்னை இங்கே கூட்டிவந்த கம்பெனியின் முதலாளி. வந்து இறங்கிய வாரம் பார்சிப்பனியில் ஒரு கெஸ்ட் ஹவுசில் ஆறு பேரைத் தங்கவைத்திருந்தார். என் ரெஸ்யூமேயை வாங்கிப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாரும் போடறதுதான். நீங்க மட்டும் உண்மைய போட்டா, இன்டர்வியூவே வராது" என்றார். முதல் முறை தயங்கினேன், இரண்டாம் முறை தயங்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், நாலு பொய் சொல்லி ஒரு புராஜெக்ட் வாங்கக் கூடாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் இன்னொருவர் வீட்டுக் கூரையைப் பிரிக்கும் என்று அப்போது தெரியாது.

அந்த இன்னொருவரை நாங்கள் அபார்ட்மென்ட்டின் லாண்டிரி ரூமில்தான் முதலில் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் துணிக் கூடையோடு இறங்கிப் போனால், நாலு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. நாலிலும் சேறு படிந்த பச்சை ஜெர்சிகள். நெடுநெடுவென்று உயரமாக, இடது காலை லேசாக இழுத்து நடக்கிற ஒரு வெள்ளைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும், எங்களைப் பார்த்ததும் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு மெஷினை நடுவில் நிறுத்தி, சொட்டச் சொட்ட ஜெர்சிகளை வெளியே எடுத்துவைத்து எங்களுக்கு இடம் கொடுத்தார். எங்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருப்பவர். ஒரு கால்பந்து அணியின் மேனேஜர் என்றார். மேனேஜர் என்றால் கோட்டும் டையும் போட்டவர் என்று என் மனைவி நினைத்திருந்தாள். "இவரு என்ன மேனேஜர், துணி தோய்ச்சுட்டு இருக்காரு?" என்று படியேறும்போது கேட்டாள்.

நான் பெரம்பூரில் ரயில்வே மைதானத்தின் காம்பவுண்டுச் சுவரில் உட்கார்ந்து கால்பந்து பார்த்து வளர்ந்தவன். அதனால் எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அவர் அணி, அமெரிக்காவில் ஆள் சேராத கீழ்மட்ட லீக் ஒன்றில் ஆடியது. ஒரு கல்லூரி மைதானத்தில் சனிக்கிழமை மாலை ஆட்டம். கூட்டம் இருநூறு பேர் வந்தால் அதிகம், அதில் பாதி ஆட்டக்காரர்களின் சொந்தக்காரர்கள். மூலைக்கொடி நடுவது, கோல் வலையில் ஓட்டை தைப்பது, ஜெர்சி தோய்ப்பது எல்லாம் மேனேஜர்தான். நான் இரண்டு வருஷம் ஒரு ஆட்டம் விடாமல் போனேன். தோற்றுக்கொண்டிருக்கும்போது அவர் கத்த மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரமாக நடப்பார். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அவன் செய்த ஒரு நல்ல காரியத்தை மட்டும் சொல்லி அனுப்புவார்.

எங்கள் பால்கனியில் உட்கார்ந்து அவர் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். வேல்ஸில் சுரங்கம் இருந்த ஒரு பள்ளத்தாக்கு ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, பதினாறு வயதில் ஒரு கிளப்பில் சேர்ந்து, முதல் இரண்டு வருஷம் பெரிய ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்திருக்கிறார். பிறகு பதினொரு வருஷம், மூன்று கிளப்புகள், எல்லாம் நான்காம் டிவிஷன். தடுப்பாட்டக்காரர். முட்டி போனதும் ஆட்டம் போயிற்று. கோடைக் கேம்ப்பில் சொல்லிக்கொடுக்க அமெரிக்கா வந்தவர், ஒரு அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்து, அது முறிந்து, இங்கேயே தங்கிவிட்டார்.

அதில் ஒரு நாள் மட்டும் தனி. ஒரு தடவை நாட்டு அணியில் மூன்று பேருக்குக் காயம். கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினாலாம் நம்பர் சிவப்பு ஜெர்சி கொடுத்து மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்த்தினார்கள். இரண்டு தடவை எழுந்து கோட்டோரமாக ஓடி உடம்பைச் சூடுபண்ணிக்கொண்டார். கூப்பிடவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் ஜெர்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். நாட்டுக்காகக் களத்தில் இறங்கி ஆடியவர்களுக்கு மட்டும் ஒரு வெல்வெட் தொப்பி கொடுக்கிற வழக்கம் அங்கே உண்டு. குஞ்சம் வைத்த தொப்பி. ஒரு நிமிஷம் ஆடினாலும் தொப்பி உண்டு, ஆடாதவருக்கு இல்லை. இவருக்கு இல்லை.

அவர் அப்பா அன்றைக்குப் பஸ் பிடித்துப் போய்த் தொண்ணூறு நிமிஷமும் மகன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். அதன்பிறகு ஊரில் யாராவது, "உன் பையன் நாட்டுக்கு ஆடினானாமே" என்று கேட்டால், அந்த மனிதர் நின்று திருத்துவாராம்: ஆடவில்லை, உட்கார்ந்திருந்தான். சாகும்வரை அப்படித்தான் திருத்தினாராம். இதைச் சொல்லும்போது மேனேஜர் முகத்தில் இருந்தது வருத்தமில்லை, பெருமை. அதை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பார்த்தும் செய்தேன் என்பதற்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாவது வருஷக் கடைசியில் அந்த அணியைக் கலைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. டெக்சாஸில் ஒரு அணிக்கு மேனேஜர் தேவைப்பட்டது. இதைவிட ஒரு படி மேலான லீக், சொந்தமாகச் சின்ன மைதானம், ஜெர்சி தோய்க்க வேறு ஆள். நல்ல லீக்குக்குப் போக அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அதுதான். வயதைப் பார்த்தால் கடைசி வாய்ப்பும் அதுதான். ரெஸ்யூமே அனுப்பச் சொன்னார்களாம். அவர் தொழிலில் யாரும் ரெஸ்யூமே எழுதியதில்லை, ஒருவர் இன்னொருவருக்கு போன் செய்வார், அவ்வளவுதான். ஒரு மஞ்சள் கோடு போட்ட தாளில், இரண்டு பக்கமும், பெரிய பெரிய எழுத்தில் தன் வாழ்க்கையை எழுதிக்கொண்டுவந்து கூச்சத்தோடு என்னிடம் நீட்டினார். நீ இதில் கெட்டிக்காரன் என்கிறார்களே என்றார்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து அடித்தேன். பூட்ஸ் துடைத்ததை விட்டேன். கோடைக் கேம்ப்பை 'இளைஞர் மேம்பாடு' ஆக்கினேன். தாளின் பின்பக்கத்தில் கடைசி வரியில், நாட்டு அணி என்று எழுதி, பக்கத்தில், 'மாற்று ஆட்டக்காரர், இறங்கவில்லை' என்று எழுதியிருந்தார். 'இறங்கவில்லை' என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரெஸ்யூமேயில் செய்யாத வேலையை யாராவது கோடு போட்டு எழுதுவார்களா? நான் அந்த வரியை எடுத்து உச்சியில் வைத்தேன். 'வேல்ஸ் நாட்டு அணிக்காக ஒரு ஆட்டம் ஆடியவர்' என்று எழுதினேன். சும்மா இல்லை, எழுத்தைக் கொஞ்சம் தடிமனாகவும் ஆக்கினேன். ஜெர்சி போட்டார், பெஞ்சில் இருந்தார், இரண்டு தடவை ஓடவும் ஓடினார், அப்புறம் என்ன? இரண்டை ஐந்தாக்குகிறவனுக்குப் பூஜ்யத்தை ஒன்றாக்குவது பெரிய காரியமா?

அவரிடம் காட்டினேன். அவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சப்படுகிறவர், படிப்பு விஷயத்திலும் கூச்சம். மேலிருந்து கீழே பார்வையை ஓட்டிவிட்டு, யாரோ பெரிய மனிதர் மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். அவர் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. படித்துக் காட்டலாம் என்று ஒரு கணம் தோன்றியது. படித்தால் அந்த வரியை எடுக்கச் சொல்வார் என்றும் தோன்றியது. மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் என் க்ளையன்ட் ஆபீஸ் ஃபேக்ஸிலிருந்து டெக்சாஸுக்கு அனுப்பினேன்.

வேலை கிடைத்தது. நேரில் போய்ப் பேசிவிட்டு வந்தவர் ஒரு கேக் வாங்கிக்கொண்டு மேலே வந்தார். என் மனைவி பாயசம் வைத்தாள். அவர் இரண்டு கிண்ணம் குடித்தார். கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நீ இல்லாமல் இது நடந்திருக்காது என்றார். அது சத்தியமான வார்த்தை.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், போன் வந்தது. அவர் குரல் நிதானமாகத்தான் இருந்தது. அணியின் சொந்தக்காரர் ஆசையாக ஒரு யோசனை சொன்னாராம். சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, அதற்குள் மேனேஜரின் நாட்டுத் தொப்பியை வைக்கலாம், வருகிறவர்கள் பார்க்கட்டும், தொப்பியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றாராம். என்னிடம் தொப்பி இல்லை என்றிருக்கிறார் இவர். சொந்தக்காரர் ரெஸ்யூமேயை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார். உச்சியில், தடித்த எழுத்தில் இருந்தது.

என்னிடம் அவர் இரண்டு கேள்விதான் கேட்டார். நான் ஆடினேன் என்று உன்னிடம் சொன்னேனா என்பது முதல் கேள்வி.

என் கண்முன் அந்த ரெஸ்யூமேயின் மேல்விளிம்பில் அச்சாகியிருந்த ஃபேக்ஸ் நம்பர் வந்து நின்றது. என் க்ளையன்ட்டின் நம்பர். அந்தச் சமயம் என் கிரீன் கார்டு பேப்பர் போயிருந்தது, அந்தப் பேப்பரில் இரண்டை ஐந்தாக்கிய என் அனுபவமும் போயிருந்தது. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்று பயம். பயம் என்று சொல்வது எனக்கு நானே காட்டும் சலுகை. தொடைநடுக்கம்.

"நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

தான் எழுதிக்கொடுத்த மஞ்சள் தாள் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. வீடு சுத்தம் பண்ணும்போது குப்பையில் போய்விட்டது என்றேன். அது அப்போது என் கைக்கெட்டும் தூரத்தில், மேஜை டிராயரில்தான் இருந்தது.

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு மெதுவாக, அப்படியென்றால் நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். உன் பால்கனியில் இரண்டு ரவுண்டு போனபிறகு சொன்னேனோ என்னவோ. நான் அப்படிச் சொல்கிற ஆள் என்று நினைத்ததில்லை. உனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் போனை வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த ஊர்ப் பத்திரிகையைத் தேடிப் பார்த்தேன். உள்ளே எங்கேயோ நாலு வரி. புது மேனேஜர் நாட்டு அணிக்கு ஆடியதாகச் சொன்னது உண்மையில்லை என்று அவரே ஒப்புக்கொண்டு விலகியிருக்கிறார். அதை எழுதியது வேறு யாராவதா என்று நிருபர் கேட்டதற்கு, இல்லை, தவறு என்னுடையது என்றாராம். கால்பந்து சின்ன உலகம், செய்தி பரவிவிடும். இனி எந்த அணியும் அவரைக் கூப்பிடாது என்று எனக்குத் தெரிந்தது. மேலதிகாரி பக்கத்தில் வந்ததும் சட்டென்று ஸ்கிரீனை மாற்றினேன்.

அன்று போனில் நான் பேசியது மனைவி காதில் விழுந்திருந்தது, அவளிடம் அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். பாவம், ஏதோ கன்ஃப்யூஷன் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஆனால் பரிமாறுகிறவளிடம் எத்தனை நாளைக்கு மறைப்பது? கிரீன் கார்டு ஃபைலில் கல்யாணச் சர்ட்டிஃபிகேட்டைத் தேடும்போது அவள் கைக்கு அந்த மஞ்சள் தாள் கிடைத்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் அங்கே மாற்றிவைத்திருந்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. அந்த அளவு மனம் மிச்சமிருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், வேறு எதற்கும் அது உதவவில்லை. அவள் பின்பக்கத்தைத் திருப்பிக் கடைசி வரியைப் படித்தாள்.

"குப்பைல போட்டாச்சுன்னு அவர்கிட்ட சொன்னீங்க இல்ல?" என்றாள். "அந்த மனுஷன் ரெண்டு கோடு போட்டு எழுதிக் குடுத்திருக்காரு. தான்தான் பொய் சொன்னோம்னு அவரையே நம்ப வச்சிருக்கீங்க நீங்க. இத இன்னைக்கே போஸ்ட் பண்ணிடுங்க."

கிரீன் கார்டு வந்ததும் அனுப்புகிறேன் என்றேன். வந்தது. அப்போது வருஷம் இரண்டாயிரம். பழைய கதையைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றேன். நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவள் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை பிளாப்பியோடு வருகிறவர்களுக்குக் காபி போடுவதை மட்டும் நிறுத்தினாள். கொஞ்ச நாளில் அவர்களும் வருவதை நிறுத்தினார்கள்.

மறுவருஷம் கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பியபோது எனக்கும் லே-ஆஃப். பல இடத்துக்கு அப்ளை பண்ணி, கடைசியில் அதே டெக்சாஸில், டாலஸில் ஒரு இன்டர்வியூ கிடைத்தது. டிக்கெட் எடுத்த அன்று மனைவி என் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்தத் தாளை வைத்தாள். அவர் டாலஸ் பக்கத்தில் ஒரு இன்டோர் சாக்கர் கூடத்தில் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று எனக்கு எப்போதோ தெரியும். அவளும் தேடித் தெரிந்துகொண்டிருக்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. "குடுத்துட்டு, உண்மைய சொல்லிட்டு வாங்க. கால்ல விழச் சொல்லல. சொல்லிட்டு வாங்க, போதும்" என்றாள்.

இன்டர்வியூ முடிந்து, வாடகைக் காரில் ஃப்ரீவேயை ஒட்டிய சாலையில் போனேன். மெத்தைக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் தகரக் கொட்டகை போல ஒரு கூடம். உள்ளே பச்சைக் கம்பளத்தில் ஏழெட்டுக் குழந்தைகள் பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோட்டோரமாக நடந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, காலை இழுத்துக்கொண்டு வேகமாக வந்தார். முதல் கேள்வி, உன் மனைவி சௌக்கியமா, அந்தப் பாயசம் இன்னும் நினைவிருக்கிறது.

வழியெல்லாம் நான் தயார் பண்ணியிருந்த வாக்கியம் நாலே சொல்தான். நான் உங்களிடம் பொய் சொன்னேன். உறையை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார், இப்போது கூச்சமில்லை. முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் விரல் அந்த இரண்டு கோட்டின் மேல் நின்றது.

நான் வாயைத் திறந்தேன். "வீடு மாற்றும்போது கிடைத்தது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியென்றால் நான் சொல்லவில்லை" என்றார், தனக்குத்தானே. இன்னொரு தடவையும் சொன்னார். அந்த முகத்தில் நான் எதிர்பார்த்துப் போன கோபம் இல்லை. பல வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை இறக்கிவைத்த மனிதரின் முகம் அது. வேலை போனது இல்லை அவருக்குப் பாரம். தன் அப்பா சாகும்வரை திருத்திய ஒரே விஷயத்தில் தானே பொய் சொல்லிவிட்டோம் என்று நம்பியதுதான் பாரம். அந்தக் கல்லை அங்கே வைத்த நான் அவர் எதிரே, இஸ்திரி போட்ட இன்டர்வியூ சட்டையோடு நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அவர் என் தோளில் கைவைத்து, அடிக்கும்போது ஏதோ தவறு நடந்திருக்கும், எல்லோருக்கும் நடப்பதுதான், இதை மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். இத்தனை வருஷம் இதைத் தூக்கிப் போடாமல் இருந்ததற்கு நன்றி என்றார்.

என் வாய், இந்த நாட்டுக்கு வந்து பழகிப்போன என் வாய், "இட்ஸ் ஓகே" என்றது.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குழந்தைகளிடம் திரும்பிப் போனார். நான் காருக்கு வந்து மனைவிக்கு போன் செய்தேன். தாளைக் கொடுத்துவிட்டேன் என்றேன். உண்மையைச் சொன்னீர்களா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவள் அழுதாள், நல்லது என்றாள், இனிமேல் நிம்மதியாக இருக்கலாம் என்றாள். அன்றிலிருந்து அவள் நிம்மதியாகத்தான் இருக்கிறாள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். இதையும் அவளிடம்தான் முதலில் கொடுக்கப்போகிறேன்.